வளராத மரத்துக்கு ஒரு பாட்டு

காஞ்சிபுரம் போகிறவர்கள் இரண்டு ரகம். சாமி கும்பிடப் போகிறவர்கள், சேலை எடுக்கப் போகிறவர்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்து, கோயில் இட்லியையும் ஒரு கை பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுகிற புத்திசாலிகள் மூன்றாவது ரகம். இந்த மூன்று ரகத்தாரும் அநேகமாக எட்டிப் பார்க்காத ஓர் இடம் அங்கே உண்டு. ஊரை ஒட்டி, வேகவதி ஆற்றுப் பக்கம் இருக்கிற திருப்பருத்திக்குன்றம். பெயரில் பருத்தி. பக்கத்து ஊரிலோ எல்லாம் பட்டு!

ஒரு காலத்தில் இதற்கு ஜின காஞ்சி என்று பெயர். சமணர்களின் காஞ்சி. மகாவீரருக்கான திரைலோக்கியநாதர் கோயில் இங்கே இருக்கிறது. அந்தக் கோயிலில் ஒரு குரா மரம். மரத்தைப் பற்றி ஒரு பழைய பாட்டு உண்டு. பாட்டு சொல்லும் சேதி இதுதான்: இந்த மரம் தன் அளவைத் தாண்டி உயர்வதில்லையாம், அளவிலிருந்து குறைவதும் இல்லையாம். கூடவே இன்னொன்றும் சொல்கிறது. நாட்டை ஆள்கிறவனின் செங்கோல் எப்படி இருக்கிறது என்பதை இந்த மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வளராத மரத்தை மெனக்கெட்டுப் பாட்டு எழுதிப் பாராட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்த மரம் ஏதாவது கம்பெனியில் வேலை பார்த்தால், வருடாந்திர அப்ரைசலில் என்ன எழுதுவார்கள்? ‘கடந்த ஆண்டைப் போலவே இருக்கிறார். முன்னேற்றம் இல்லை. ட்ரெயினிங் தேவை.’

இந்த ட்ரெயினிங் பற்றித்தான் இந்த வாரம் சண்டை.

‘வளர்ச்சி’ என்ற சொல்லை நம் ஊரில் ஒரு கோஷ்டி குத்தகைக்கு எடுத்து வெகுநாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஹோட்டல் ஹால். எலும்பு வரை குளிரும் ஏஸி. காதோரம் மைக் மாட்டிய ஒருவர் மேடையில் நடந்துகொண்டே இருப்பார். திடீரென்று எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து ‘நீங்கள் ஒரு சிங்கம்’ என்று சொல்லச் சொல்வார். சொல்வோம். கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றியாளன்’ என்று தினமும் காலையில் பத்து தடவை சொல்லச் சொல்வார். அதையும் செய்வோம். மத்தியானம் சிங்கங்கள் எல்லாம் வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும். திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குள் நுழையும்போது அந்தச் சிங்கம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

இதில் என்ன தப்பு, நாலு நல்ல வார்த்தை கேட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். நல்ல வார்த்தையோடு எனக்குப் பகை இல்லை. பகை, அதற்குப் பிறகு வருகிற வார்த்தையோடு. மாத்திரை வேலை செய்யாவிட்டால் நாம் மாத்திரையைத் திட்டுவோம், டாக்டரைத் திட்டுவோம். இந்த வியாபாரத்தில் மட்டும் நோயாளிக்குத்தான் திட்டு. ‘பலன் இல்லையா? நீங்கள் முழு மனசோடு செய்யவில்லை.’ ஏற்கெனவே தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டிருக்கிற மனிதன், காசும் கொடுத்து, ‘இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன்’ என்கிற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு போகிறான்.

இது என் வயிற்றெரிச்சல் மட்டும் இல்லை. 2009ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குரிய மனிதன்’ என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வைத்தார்கள். ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்கு அதனால் லேசான தெம்பு. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ, சொல்லாமல் இருந்திருந்தால் இருந்ததைவிட மனநிலை மோசமாகிவிட்டது. நியாயம்தானே? வாய் ஒன்று சொல்கிறது. உள்ளே இருக்கிற குரல் ‘யாரை ஏமாற்றுகிறாய்?’ என்று கேட்கிறது. பசிக்காதவனுக்குத்தான் இந்தச் சாப்பாடு ஜீரணமாகிறது!

அப்புறம் அந்த 21 நாள் கதை. ‘இருபத்தொரே நாளில் புதிய மனிதராகுங்கள்.’ எங்கிருந்து வந்தது இந்த 21? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல் எழுதிய புத்தகத்திலிருந்து. முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தபட்சம் சுமார் 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். மூக்கு ஆபரேஷனுக்கான கணக்கு, அதிலும் ‘குறைந்தபட்சம்’. அந்த வார்த்தையைக் கத்தரித்துவிட்டு, குணத்துக்கும் கோபத்துக்கும் குடிப்பழக்கத்துக்கும் அதே கணக்கை ஒட்டிவிட்டார்கள். பிற்பாடு லண்டன் யூனிவர்சிடி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் நிஜமாகவே அளந்து பார்த்தார்கள். ஒரு சின்னப் பழக்கம், சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுகிற மாதிரி விஷயம், தன்னால் நடக்கிற பழக்கமாக மாற நடுவாந்தரமாக 66 நாள். சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. பழம் சாப்பிடவே இந்தக் கதி என்றால், முப்பது வருஷமாக வீட்டில் எரிந்து விழுகிற மனிதர் மாறுவதற்கு எத்தனை நாள்?

இப்போது திருப்பருத்திக்குன்றத்துக்கே வருகிறேன். அந்தக் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினார். அதன் விதானத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் மண்டபத்துக்குப் பிற்காலத்தவை. படத்துக்குக் கீழே, இன்ன காட்சி என்று தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவரின் கதை அங்கே வரிசையாக வருகிறது. ஆனால் ரிஷபதேவர் பிறப்பதிலிருந்து அல்ல. அதற்கு முந்தைய பிறவிகளிலிருந்து தொடங்குகிறது! மகாபலன் என்ற அரசன், லலிதாங்கன் என்ற தேவன் என்று ஒவ்வொரு பிறவியாக நகர்ந்து வருகிறது. ஆதிபுராணத்தின் கணக்குப்படி பத்தாவது பிறவியில்தான் அவர் ரிஷபர். ஒரு மகானின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர்கள், அவர் மகான் ஆவதற்கு முன் இருந்த ஒன்பது சாதாரணங்களையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். நம் ஹோட்டல் ஹால் ஆசாமியிடம் கொடுத்திருந்தால் முதல் ஒன்பதையும் வெட்டிவிட்டு ‘முன்பு, பின்பு’ என்று இரண்டு போட்டோ போட்டிருப்பார்.

நான் சமணன் இல்லை. உங்களை யாரையும் அந்த மதத்துக்கு ஆள் சேர்க்கவும் வரவில்லை. அவர்கள் வளர்ச்சியைக் கணக்கிட்ட முறையில் இருக்கிற நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

உயிர் மேலேறுகிற வழியில் பதினான்கு படிகள் என்கிறது சமணம். குணஸ்தானங்கள் என்று பெயர். படி என்றவுடன் நாம் என்ன நினைப்போம்? ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகலாம். அங்கேதான் வேடிக்கை. இரண்டாவது படி ஏறும்போது வரவே வராது! மேலே நாலாவது படி வரை போனவன் கால் தவறிக் கீழே வரும்போது மட்டும் கொஞ்ச நேரம் நிற்கிற இடம் அது. சறுக்குகிறவனுக்கென்று ஒரு படியே ஒதுக்கி, அதற்கு நம்பரும் கொடுத்திருக்கிறார்கள். சறுக்குவது கணக்குக்கு வெளியே இல்லை, கணக்கின் உள்ளேயே இருக்கிறது.

நாலாவது படி இன்னும் சுவாரஸ்யம். எது சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதன்படி நடக்க இன்னும் முடியவில்லை. நற்காட்சி உண்டு, விரதம் இல்லை. சிகரெட் கெடுதல் என்று தெரியும், விட முடியவில்லை. மகளிடம் கத்தக்கூடாது என்று தெரியும், கத்திவிடுகிறோம். இதற்கு நம் வீடுகளில் என்ன பெயர்? ‘தெரிஞ்சே தப்பு பண்றான் பாரு, திமிர்.’ அவர்களோ அதை ஒரு படியாக எண்ணியிருக்கிறார்கள். தெரியாமல் செய்கிறவனைவிட நீ மூன்று படி மேலே நிற்கிறாய் அப்பா என்று சொல்கிற கணக்கு அது.

ஆறாவது, ஏழாவது படிகள் துறவிகளுக்கானவை. ஆறில் விரதம் உண்டு, அசட்டையும் உண்டு. ஏழில் அசட்டை இல்லை. எல்லாம் துறந்த முனிவரும் இந்த இரண்டுக்கும் நடுவே ஏறியும் இறங்கியும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருப்பார் என்கிறார்கள். முனிவருக்கே ‘இன்னைக்கு மனசு ஒரு நிலையில இல்லை’ உண்டு என்றால், மூன்று ரயில் மாறி ஆபீஸ் போகிறவருக்கு இருக்கக்கூடாதா?

எனக்கு மிகவும் பிடித்தது பதினோராவது. அங்கே வரைக்கும் போனவரிடம் கோபம், ஆசை, கர்வம் எதுவுமே தென்படாது. ஆனால் அவர் அவற்றைப் போக்கவில்லை, அமுக்கி வைத்திருக்கிறார். கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டால் சேறு அடியில் படிந்து மேலே பளிங்கு மாதிரி தெரியும். பாத்திரத்தை ஒரு தட்டு தட்டினால்? அந்த உவமையைத்தான் சமண நூல்கள் சொல்கின்றன. பதினோராவது படிக்குப் போனவர் விழாமல் இருக்கவே முடியாது. உள்ளதைப் போக்கிக்கொண்டு போகிறவர் பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்குப் போய்விடுகிறார், பதினொன்றைத் தொடுவதே இல்லை.

எனக்குத் தெரிந்து நம் சுயமுன்னேற்ற வகுப்புகள் எல்லாம் ஆட்களைப் பதினோராவது படியில் கொண்டுபோய் நிறுத்துகிற வகுப்புகள்தான். சிரி. நெகட்டிவாகப் பேசாதே. அழுகிறவர்கள் பக்கத்தில் உட்காராதே. சேறு அடியில் இருக்கட்டும், மேலே பளபளப்பு போதும். பாத்திரத்தை வாழ்க்கை தட்டாமலா இருக்கும்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படிகளின் நோக்கம் மனநிம்மதி கிடையாது. உலகத்தைவிட்டே விலகுவது. கல்யாணம் கட்டி, ஈஎம்ஐ கட்டி, குழந்தைக்கு ஸ்கூல் அட்மிஷன் தேடுகிற நமக்கு அது அப்படியே பொருந்தாது. நாம் இரவல் வாங்க வேண்டியது கணக்கெழுதும் முறையை மட்டும். சறுக்கலையும் சேர்த்து எழுது. மெதுவாக எழுது. அடுத்தவன் கணக்கைப் பார்த்து எழுதாதே. அவர்களிடம் சாமாயிகம் என்று ஒரு வழக்கம் உண்டு. 48 நிமிஷம் சும்மா, சமநிலையில் உட்காருவது. அன்றைக்குச் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் திரும்புவதற்கும் தனியாக ஒரு வழக்கம் உண்டு. மைக் இல்லை, கை தட்டல் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை.

நம் வீட்டுக் கணக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பையன் 72 மார்க் வாங்கி வந்தால், போன பரீட்சையில் 61 என்பது நமக்கு ஞாபகம் வராது. பக்கத்து வீட்டுப் பையனின் 91தான் ஞாபகம் வரும். மாமியார் ஒருத்தர், இருபது வருஷமாக மருமகளின் சமையலைக் குறை சொல்லி வந்தவர், ஒரு நாள் சாம்பாரில் உப்பு கூடிப்போயும் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொள்கிறார். அந்த மௌனத்துக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கும்! யாராவது கவனிப்பார்களா? ‘என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?’ என்பார்கள். குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிற அப்பா, இந்த மாதம் நாலு நாள்தான் குடித்தார் என்றால் வீட்டில் எல்லாருக்கும் அந்த நாலு நாள்தான் கண்ணில் நிற்கும். நிற்கட்டும், அடி வாங்கினவர்களுக்கு மறக்காது. ஆனால் மற்ற 26 நாளையும் யாராவது ஒருத்தர் சொன்னால்தான் ஐந்தாவது நாளைத் தள்ளிப்போட அந்த மனிதருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

‘புகழ்ந்தா கெட்டுப் போயிடுவான்’, ‘கண்ணு பட்டுடும்’ என்று நமக்கு இரண்டு சாக்கு கைவசம் இருக்கிறது. திட்டினால் மட்டும் யாரும் கெட்டுப்போக மாட்டார்களா?

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வரும் நாளில் முதல் மூன்று ரேங்க் பிள்ளைகள் வாயில் ஸ்வீட் ஊட்டுகிற போட்டோ பத்திரிகைகளில் வரும் அல்லவா? 2017ல் தமிழக அரசு அந்த ரேங்க் பட்டியலையே நிறுத்தியது. நல்ல காரியம். அதற்கும் முன்பே செய்த இன்னொரு காரியத்தை நாம் சரியாகக் கொண்டாடவில்லை. ஒரு பாடத்தில் தோற்றால் மாதக்கணக்கில் காத்திருந்துதான் திரும்ப எழுதலாம் என்றிருந்த நிலையை மாற்றி, 2000களில் உடனடி மறுதேர்வு கொண்டுவந்தார்கள். தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவில் சில வாரங்கள்தான். 1986ல் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்ற உதவிய நடவடிக்கையாக இதை எடுத்துக்காட்டி வருகிறார். கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் உட்கார வைத்து ‘தோல்வியே வெற்றிக்கு முதல் படி’ என்று லெக்சர் அடிக்கவில்லை. பரீட்சை தேதியை மாற்றினார்கள். அதுதான் மருந்தாக வேலை செய்தது.

மனசு சரியில்லை என்று ஒருவர் சொல்லும்போது, ‘மனசை மாற்று’ என்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே பதில். தேதியை மாற்றலாமா, சம்பளத்தை மாற்றலாமா, வேலை நேரத்தை மாற்றலாமா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

பிள்ளையார்பாளையம் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்துக்குப் பேர்போன இடம். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, குனிந்தபடி நாள் முழுக்க உட்கார வேண்டும். நெய்த துணி முன்னால் இருக்கிற மரத்தில் சுருண்டு சுருண்டு உள்ளே போய்விடும். கண்ணெதிரே இருப்பது எப்போதும் அதே ஒரு முழம்தான். கர்நாடகத்திலிருந்து பட்டு, சூரத்திலிருந்து ஜரிகை, இவருடைய இடுப்பிலிருந்து வலி. மூன்றும் சேர்ந்தால் சேலை. கோர்வை என்றால், உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோத்து வாங்க வேண்டும். மூன்று நாடா. அதற்கு இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த இன்னொரு ஆள் வெகுகாலம் ஒரு குழந்தையாகவே இருந்தது. முன்பணம் வாங்கிய கடனுக்குப் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்த கதையை, 2003ல் ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் படிக்கலாம். காஞ்சிபுரமும் அதில் இருக்கிறது.

2005-06ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலைக்கு அடையாள அட்டை வந்துவிட்டது, சந்தோஷம். நெய்தவருக்கு? 2019-20ல் எடுத்த நாலாவது அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஒரு நல்ல கல்யாணப் பட்டின் விலையில் பல மாதம் குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்கள். இவர்களில் ஒருவரிடம் போய் ‘பாஸிட்டிவாக நினையுங்கள் அண்ணே’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? வந்தால், அவர் நாடாவை எடுத்து உங்கள் மேல் எறியாமல் இருப்பதைத்தான் நான் ஆன்மிக வளர்ச்சி என்பேன்.

இங்கேதான் அந்தக் குரா மரத்தின் இரண்டாவது சேதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரம் நன்றாக இருந்தால் மரத்துக்குப் பாராட்டு, வாடினால் மரத்துக்குத் திட்டு என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. மரத்தைப் பார்த்து ஆள்கிறவனை அளந்துகொள் என்கிறது. நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். வாடுகிற மனிதனைப் பார்த்து, ‘உனக்கு ஆட்டிட்யூட் சரியில்லை’ என்கிறோம். தண்ணீர் விட வேண்டியவன் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறான்.

பெரிய கம்பெனிகள் இதில் கைதேர்ந்தவை. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, பதின்மூன்றாவது மணி நேரத்தில் ‘மன அழுத்தத்தை வெல்வது எப்படி?’ என்று வகுப்பு நடத்துகிறார்கள். கட்டாயம் வர வேண்டுமாம்! 2024ல் ஆக்ஸ்போர்டின் வில்லியம் பிளெமிங் என்ற ஆய்வாளர், பிரிட்டனில் 233 நிறுவனங்களில் வேலை பார்க்கும் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். மன அழுத்த வகுப்பு, தியான ஆப், மனோதிடப் பயிற்சி என்று தனிமனிதரைக் குறிவைக்கும் விஷயங்களில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டால், கலந்துகொண்டவர்கள் நிலைமை மேலாக இல்லை. விதிவிலக்கு மாதிரி தெரிந்தது ஒன்றே ஒன்று: அடுத்தவர்களுக்காகத் தொண்டு செய்யக் கிடைத்த வாய்ப்பு. ஒரே சமயத்தில் எடுத்த விவரங்கள் என்பதால் எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வகுப்புகளை விற்பவர்கள் அடித்துத்தானே சொல்கிறார்கள்? அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

‘அப்படியானால் தனிமனிதன் செய்ய ஒன்றுமே இல்லையா? எல்லாம் அரசாங்கம், முதலாளி தலையிலா?’ என்று ஒரு வாசகர் பல்லைக் கடிப்பது தெரிகிறது. இருக்கிறது ஐயா, நிறையவே இருக்கிறது. முதல் வேலை, மனசுக்கு முடியாமல் போவதைத் திட்டாக உபயோகிப்பதை நிறுத்துவது. 1794ல் தொடங்கிய நம் மனநல மருத்துவமனை இருக்கிற ஒரே பாவத்துக்காக ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கியவர்கள் நாம். அதை ஜோக்காகச் சொல்லி வளர்ந்த பிள்ளை, தனக்கே தூக்கம் வராமல் நெஞ்சு படபடக்கும்போது யாரிடம் போய்ச் சொல்லும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் செத்துப்போனார்களே, அவர்களைக் கட்டிப்போட்டது சங்கிலி மட்டும் இல்லை.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். நாட்டில் மனநலப் பிரச்னைக்கு ஆளானவர்களில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது அது. பல்வலிக்கு இப்படி இருந்தால் நாடே ரோட்டுக்கு வந்திருக்கும்.

சட்டம் நம்மைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது என்பது ஆச்சரியம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 309வது பிரிவு. 2017ல் நிறைவேறிய மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது, அரசு அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. ஆனால் தெருவில்? பிழைத்து வந்த பெண்ணைப் பார்த்து ‘எல்லாம் நடிப்பு’ என்று சொல்கிற அத்தை இன்னும் 309லேயே இருக்கிறார்.

14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது. டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க நடக்கிற அரசு சேவை. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். இரவு இரண்டு மணிக்கும் பேசலாம். காஸ் புக்கிங் நம்பரும் கேபிள்காரர் நம்பரும் எழுதி ஒட்டியிருக்கிற பிரிட்ஜ் கதவில் இதையும் எழுதி ஒட்டுங்கள். விருந்தாளி பார்த்துவிட்டு ‘வீட்ல யாருக்கு?’ என்று கேட்டால், ‘யாருக்கு வேணும்னாலும்’ என்று சொல்லுங்கள்.

கணக்கு எழுதுகிற விஷயமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும் முன் ஐந்து நிமிஷம் போதும், 48 வேண்டாம். இன்றைக்கு வாய் வரை வந்து சொல்லாமல் விட்ட வார்த்தை ஏதாவது உண்டா? போன வருஷம் மூன்று நாள் இழுத்த சண்டை இந்த முறை ஒரே ராத்திரியில் முடிந்ததா? ‘முடியாது’ என்று ஒருவரிடம் சொல்ல முடிந்ததா? ‘எனக்கு முடியலை’ என்று ஒருவரிடம் சொல்ல முடிந்ததா? கடைசிக் கேள்வி ஆம்பளைகளுக்கு முக்கியம். ஒன்றுமே நடக்காத நாள் என்றால், ‘இன்று அதே இடம்’ என்று எழுதிக்கொள்ளலாம். சறுக்கியிருந்தால் அதையும் எழுதலாம். வீட்டில் மற்றவர்களிடம் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அவரிடமே சொல்லிவிடுங்கள். ‘போன தடவை மாதிரி இல்லைப்பா, இந்தத் தடவை நீ நிதானமா பேசினே’ என்று ஒரே ஒரு வரி. பெரிய பாராட்டு விழா வேண்டாம், சால்வை வேண்டாம். கவனித்தேன் என்று தெரிந்தால் போதும்.

ஆனால் இதை யாருக்காவது விற்க முடியுமா? பதிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். ‘ஒவ்வொரு நாளும் அதே இடம்’ என்று அட்டையில் போட்டால் புத்தகம் எப்படி சார் போகும்?

போகட்டும். உங்கள் ஆபீஸில் அடுத்த மாதம் எப்படியும் ஒரு ‘மனநல விழிப்புணர்வு’ வகுப்பு வைப்பார்கள். போய் உட்காருங்கள். கடைசியில் ‘ஏதாவது கேள்வி உண்டா?’ என்பார். கையைத் தூக்குங்கள். ‘சார், போன வருஷம் இங்கே வேலையை விட்டுப் போனவங்க எத்தனை பேர்? ராத்திரி பத்து மணிக்கு மேல ஆபீஸ் போன் வர்றது எப்போ நிக்கும்? உடம்பு சரியில்லைன்னா லீவ் எடுக்கிற மாதிரி, மனசு சரியில்லைன்னும் லீவ் எடுக்கலாமா?’ மூன்றே கேள்வி. சிரித்த முகத்தோடு, பாஸிட்டிவாகவே கேளுங்கள்.

என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதிப் போடுங்கள்.